ஹிலேர் பெல்லாக்: எந்த நூலிலிருந்து தொடங்குவது, வரலாற்றாசிரியராக அவரை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: பாறசாலை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். நான் பாறசாலையில் வசிக்கிறேன். எங்கள் வீட்டுப் பேச்சு தமிழ். பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் மலையாளம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு களியக்காவிளையைத் தாண்டிப் போய்த் தமிழ்ப் பூசை கண்டு திரும்புவது சிறுவயதுப் பழக்கம். பெரியப்பா ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பங்கில் பல ஆண்டுகள் உபதேசியாராகவும் இருந்தார். அவருடைய ஓராண்டு நினைவுப் பூசை முடிந்த அன்று, பெரியம்மா அவருடைய டிரங்குப் பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார். பழைய வேட்டி ஒன்றில் பொதிந்து வைக்கப்பட்டிருந்த ஆறு ஆங்கில நூல்கள் அதற்குள் இருந்தன. ஆறும் கத்தோலிக்க எழுத்தாளர் ஹிலேர் பெல்லாக் ஆங்கிலத்தில் எழுதியவை: 'தி பாத் டு ரோம்' (1902), 'ஆன் நத்திங்' (1908), 'தி சர்வைல் ஸ்டேட்' (1912), 'யூரோப் அண்ட் தி ஃபெயித்' (1920), 'தி குரூஸ் ஆஃப் தி நோனா' (1925), 'வுல்சி' (1930).

நூல்களின் ஓரங்களில் பெரியப்பா பென்சிலால் தமிழில் குறிப்புகள் எழுதியிருக்கிறார். பெரும்பாலானவை சொற்பொருள்தாம். ஆனால் 'யூரோப் அண்ட் தி ஃபெயித்' நூலில், விசுவாசமே ஐரோப்பா, ஐரோப்பாவே விசுவாசம் என்று பெல்லாக் முடிக்கும் அந்தப் புகழ்பெற்ற வரிக்கு நேராக, பென்சிலை அழுத்தி 'அப்படியானால் நாம்?' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். ஞாயிறு தவறாமல் செபமாலையோடு கோவிலுக்குப் போன மனிதர், தாம் மதித்துச் சேர்த்துவைத்த ஆசிரியரிடம் கேட்ட கேள்வி அது. அதைப் பார்த்ததிலிருந்து இந்த நூல்களை முறையாக வாசித்துவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

எனக்கு மூன்று ஐயங்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதிய ஒருவரை எங்கிருந்து தொடங்குவது? எட்டாம் ஹென்றியின் அமைச்சராக இருந்த கர்தினாலைப் பற்றிய 'வுல்சி' போன்ற வரலாற்று நூலில் அடிக்குறிப்பு என்று ஒன்றையும் காணவில்லையே, அதை வரலாறு என்று எப்படி ஏற்பது? பெரியப்பாவின் அந்தக் கேள்விக்கு இவருடைய நூல்களுக்குள்ளேயே விடை உண்டா? வாசித்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்

தம்பி, முதல் ஐயத்துக்கு என் விடை 'தி பாத் டு ரோம்'. அதில் எனக்குச் சற்றும் தயக்கம் இல்லை. பெல்லாக் தம் நூல்களிலேயே அதிகம் நேசித்ததும் அதுதான் என்று எண்ணுகிறேன். மற்ற எல்லா நூல்களுக்கும் திறவுகோல் அதற்குள் இருக்கிறது.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1870 ஜூலை 27 அன்று பாரிசுக்கு அருகே லா செல் சேன் க்ளூ என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சு வழக்கறிஞர். தாய் பெஸி ரேனர் பார்க்ஸ் ஆங்கிலப் பெண்மணி, பெண்ணுரிமைக்காக எழுதியவர், கத்தோலிக்கராக மாறியவர். பெல்லாக்குக்கு இரண்டு வயதாகும்போதே தந்தை இறந்துவிட்டதால் இங்கிலாந்தில் வளர்ந்து, கர்தினால் நியூமன் நிறுவிய பர்மிங்காம் ஆரட்டரி பள்ளியில் படித்தார். பிறகு பிரெஞ்சுப் பீரங்கிப் படையில் டூல் நகரத்தில் பணியாற்றினார். அதன்பின் ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரியில் வரலாற்றில் முதல் வகுப்புத் தேர்ச்சி பெற்றும், ஆல் சோல்ஸ் கல்லூரி அவரை ஆய்வாளராக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் புண் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. பேராசிரியர்களோடு அவர் நடத்திய சண்டைகளை வாசிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சம்பளம் தரும் வேலை இல்லாமல், ஐந்து பிள்ளைகளைப் பேனாவால் வளர்த்தவர் அவர். நூல்கள் இத்தனை பெருகியதற்கும், சில நூல்கள் அவசரத்தில் பிறந்தவையாக இருப்பதற்கும் காரணம் அதுவே.

1901ஆம் ஆண்டு, தாம் படைவீரராக இருந்த டூல் நகரிலிருந்து உரோமை வரை நடந்தே போவதாக நேர்ந்துகொண்டார். சக்கரம் உள்ள எதிலும் ஏறுவதில்லை, நாள்தோறும் முப்பது மைல் நடப்பது, வெட்டவெளியில் தூங்குவது, காலைதோறும் பூசை காண்பது, ஜூன் 29 புனித பேதுரு, பவுல் பெருவிழா அன்று உரோமையில் இருப்பது என்பவை அவருடைய பொருத்தனைகள். நம் ஊரில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே உறுதி, அதே கால் கொப்புளம். வழியில் ஒவ்வொரு பொருத்தனையாக உடைகிறது. மலைப் பகுதியில் கிரீஸ் கணவாயைத் தாண்ட முயன்றபோது பனிப்புயல் திருப்பி அனுப்புகிறது. இத்தாலியில் கைப்பணம் தீர்ந்து ரயில் ஏறிவிடுகிறார். உடைந்ததை உடைந்ததாகவே எழுதுகிறார். இந்த நேர்மை அவருடைய எல்லா நூல்களிலும் இதே அளவுக்கு இல்லை என்பதால்தான் இதை முதலில் வாசிக்கச் சொல்கிறேன்.

அதில் உந்தர்வெலியே என்னும் சுவிட்சர்லாந்துக் கிராமம் வரும் பகுதியை நிதானமாக வாசியுங்கள். மாலை மணி அடிக்கிறது. ஊரே எழுந்து கோவிலுக்குப் போகிறது. வியந்து போய் உள்ளே நுழைகிறார். கிராமத்து மக்கள் எல்லோரும் சேர்ந்து இலத்தீன் மாலைப்பாடலைப் பாடுகிறார்கள். அதைக் கேட்டதும், இளமையில் விசுவாசத்தை விட்டு விலகுகிறவர்கள் பிறகு எந்த வலியோடு திரும்பி வருகிறார்கள் என்பதைப் பற்றி இரண்டு மூன்று பக்கங்கள் எழுதுகிறார். வாதம் செய்யாத பெல்லாக்கை அங்கே காணலாம். நூறு வாதநூல்கள் செய்யாததை அந்தச் சில பக்கங்கள் எனக்குச் செய்தன.

கட்டுரைகளைப் பொறுத்தவரை, 'ஆன் நத்திங்' நூலின் முதல் கட்டுரை பேனாவைக் கையில் எடுக்கும் இன்பத்தைப் பற்றியது, அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் அவருடைய கட்டுரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஹில்ஸ் அண்ட் தி சீ' (1906) தொகுப்பில் உள்ள, ஒரு வயலில் புல் அறுப்பதைப் பற்றிய கட்டுரை. நீண்ட பிடி போட்ட அரிவாளை எப்படித் தீட்டுவது, வீசும்போது நுனி மண்ணில் குத்திக்கொள்ளாமல் எப்படிக் காப்பது, கையின் பலத்தால் அறுக்காமல் வீச்சின் ஓட்டத்தால் எப்படி அறுப்பது என்றெல்லாம் அவ்வளவு பொறுமையாகச் சொல்வார். சித்தூர் வட்டாரத்து நெல்வயல்களில் வளர்ந்தவன் நான். முதல் நாள் அறுவடையில் தாளை இறுக்கிப் பிடித்து இழுத்து, மாலைக்குள் மணிக்கட்டு வீங்கி உட்கார்ந்த என்னிடம், 'இழுக்காதே, அருவா தானாப் போகும்' என்று என் அப்பா சொன்னது, அந்தக் கட்டுரையை வாசித்த அன்று அப்படியே காதில் கேட்டது.

இப்போது உங்கள் இரண்டாம் ஐயம். தம் காலாலும் கண்ணாலும் அளந்ததைப் பற்றி எழுதும்போது பெல்லாக்கை மிகவும் நம்பலாம். வின்செஸ்டரிலிருந்து கேன்டர்பரி வரை போகும் பழைய பயணிகள் பாதையைத் தாமே நடந்து தேடி 'தி ஓல்டு ரோடு' (1904) எழுதினார்; கிரெசி, பிளென்ஹைம், வாட்டர்லூ போன்ற போர்க்களங்களைப் பற்றிய சிறு நூல்களில் நிலத்தின் ஏற்ற இறக்கம் சண்டையின் போக்கை எப்படித் தீர்மானித்தது என்பதைப் பீரங்கி வீரரின் கண்ணோடு விளக்கினார். 'டான்டன்' (1899), 'மரி அன்டோனெட்' (1909) போன்ற பிரெஞ்சுப் புரட்சி நூல்களுக்கும் உழைப்பு அதிகம். 1925க்குப் பிறகு ஆண்டுக்கு ஒன்று, சில ஆண்டுகளில் அதற்கும் மேல் என்று வந்த ஆங்கிலேயத் தலைவர்களின் வரலாறுகளை அந்த அளவுக்கு நம்ப முடியாது. தொடக்க காலத்தில் எழுப்பிக்கொண்ட ஒரு கருத்தையே திரும்பத் திரும்ப நிறுவுகிறார்; அடிக்குறிப்பு இல்லாததால் எந்த ஆவணத்திலிருந்து எடுத்தார் என்று சரிபார்க்க வழியில்லை. கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் கூல்டன் இதை வைத்தே பல்லாண்டுகள் அவரோடு மல்லுக்கு நின்றார், அவர் சுட்டிய பிழைகளில் பல உண்மையான பிழைகள். எச். ஜி. வெல்ஸோடு 1926இல் நடந்த சண்டை வேறு வகை: வெல்ஸின் உலக வரலாற்றை எதிர்த்து பெல்லாக் எழுத, வெல்ஸ் மறுத்து எழுத, பெல்லாக் அந்த மறுப்புக்கும் மறுப்பு எழுதினார். அதில் இருவருமே அறிவியலை வளைத்தார்கள் என்பது என் கருத்து.

ஆகவே 'வுல்சி'யைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது, அடிக்குறிப்புகளோடு எழுதப்பட்ட கல்விநூல் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மறுமொழி 2: மார்த்தாண்டம் வாசகி

கொழிஞ்சாம்பாறை சார் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். நான் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவள், பெல்லாக் யாரை எதிர்த்து எழுதினாரோ அந்தப் பக்கத்துப் பிள்ளை. என்றாலும் 'ஹௌ தி ரிஃபர்மேஷன் ஹேப்பண்ட்' (1928), 'கிரான்மர்' (1931) ஆகிய இரண்டையும் முழுமையாக வாசித்திருக்கிறேன். இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

சமயச் சீர்திருத்தத்தைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்று உறுதியாக நிற்கிறது. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் துறவு மடங்களைக் கலைத்தபோது, மடத்து நிலங்கள் அரசர் கையில் நிலைக்காமல் நிலக்கிழார்களின் கைக்குப் போயின. அப்படிப் புதிதாகப் பணக்காரரான குடும்பங்களுக்குப் பழைய சமயம் திரும்பி வராமல் இருப்பதில் சொத்து சார்ந்த அக்கறை ஏற்பட்டது என்பதை பெல்லாக் மிக வலுவாகக் காட்டுகிறார். பள்ளிப் பாடங்கள் விவிலியம், மனச்சான்று, அரசரின் திருமணம் என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் நிலப் பத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். இதை என் சபைப் பெரியவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் பத்திரத்தைக் கண்டவர், பாடலைக் காணவில்லை. சாதாரண மனிதர் ஒருவர் தம் தாய்மொழியில் வேதத்தைக் கேட்டபோது அவருக்குள் என்ன நடந்தது என்பதை, உந்தர்வெலியேயில் அவ்வளவு நுட்பமாகப் பார்த்த அதே கண், எதிர்ப்பக்கத்துக் கிராமத்தில் பார்க்க மறுக்கிறது. எங்கள் பக்கத்தில் புராட்டஸ்டண்டு மறைபணியாளர் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தபோது இங்கே யாருக்கும் மடத்து நிலம் கிடைக்கவில்லை. கிடைத்தது எழுத்து, அதற்குப் பின் தோள்சீலை அணியும் உரிமைக்காக 1859இல் அரசாணை வரும்வரை எங்கள் பாட்டிமார் பட்ட அடி. சொத்துக் கணக்கை மட்டும் கொண்டு மனமாற்றத்தை விளக்குகிறவருக்கு இந்த ஊரின் வரலாறு பிடிபடாது. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் இந்த ஊரைப் பார்த்திருந்தால் புரிந்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவரை முழுப் பக்கச்சார்பாளர் என்று தள்ளிவிடவும் முடியாது. கிரான்மர் என்ற அந்தச் சீர்திருத்தப் பேராயரைக் கோழை என்றே சித்திரிக்கிறார். ஆனால் கிரான்மரின் ஆங்கில உரைநடையைப் பற்றிப் பேச வந்ததும் குரல் மாறிவிடுகிறது. அந்தச் செபங்களின் ஓசையை அவ்வளவு மனமாரப் புகழ்கிறார். தான் வெறுத்த ஒருவரின் கைத்திறனுக்கு முன்னால் தலைகுனியும் அந்தப் பக்கங்களுக்காகவே நூலை வைத்திருக்கிறேன்.

மறுமொழி 3: நெய்யாற்றங்கரைக்காரன்

நான் இலக்கியம் படித்தவன் அல்லன்; கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்தவன். பெல்லாக்கின் நூல்களில் நான் வாசித்தது 'தி சர்வைல் ஸ்டேட்' ஒன்றைத்தான், ஆனால் அதை நான்கு முறை வாசித்திருக்கிறேன்.

1906 முதல் 1910 வரை சால்ஃபோர்டு தெற்குத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, கட்சி அரசியலில் சலித்து வெளியேறிய இரண்டே ஆண்டுகளில் எழுதிய நூல் அது. அதில் அவர் சொல்வது இதுதான்: நிலமும் தொழிற்கருவிகளும் சிலர் கையில் குவிந்துவிட்ட நாடு அப்படியே நிலைத்து நிற்க முடியாது, அதைச் சரிசெய்ய வருகிற சீர்திருத்தச் சட்டங்கள் பொதுவுடைமையில் போய் முடியாமல், உடைமை இல்லாதவர் உடைமை உள்ளவருக்காக உழைத்தே ஆக வேண்டும் என்று சட்டமே கட்டாயப்படுத்தி, பதிலுக்குச் சோற்றுக்கு உத்தரவாதம் தரும் ஓர் ஏற்பாட்டில் போய் முடியும். அந்த ஏற்பாட்டைத்தான் அடிமை அரசு என்கிறார். 1911இல் இங்கிலாந்தில் வந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம் மக்களை முதலாளி, கூலியாள் என்று சட்டப்படியே இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்தது என்பது அவருடைய முக்கியமான சான்று. மாற்றாக அவர் வைப்பது, உடைமை பலருக்கும் பகிர்ந்திருக்கும் சமூகம். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில், இயன்றவரை மிகுதியான மக்கள் உடைமையாளராக வேண்டும் என்று சொன்னதன் தொடர்ச்சி அது.

இதை நான் வீட்டிலிருந்தே புரிந்துகொண்டேன். எங்கள் தாத்தா ஒரு பெரிய வீட்டாரின் தென்னந்தோப்பில் குடிகிடப்புக்காரர். ஓலைக் குடில், தோப்புக்காரர் போகச் சொன்னால் போக வேண்டும். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் திருத்தம் 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபின், பஞ்சாயத்துப் பகுதியில் குடிகிடப்புக்காரருக்கு 10 சென்ட் என்ற கணக்கில் அவருக்குப் பட்டயம் கிடைத்தது. பட்டயம் வந்த ஆண்டு அவர் கிழக்கு மூலையில் ஒரு பலாக் கன்று நட்டார். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் அவர் அந்த மண்ணில் மரம் எதையும் நட்டதில்லை என்று பாட்டி சொல்வார். வாழையும் மரச்சீனியும் மட்டும்தான், பத்து மாதத்தில் பலன் எடுத்துவிடக்கூடியவை மட்டும்தான். பத்தாண்டு கழித்துக் காய்க்கப்போகும் மரத்தை நடும் மனம், நாளை யாரும் எழுப்பிவிட முடியாது என்ற நிச்சயத்திலிருந்து வருகிறது. பெல்லாக் உடைமை என்று எதைச் சொல்கிறார் என்பதை அந்தப் பலாமரத்தை வைத்துத்தான் என் மகனுக்கு விளக்கினேன்.

ஆயினும் நூலின் குறை கண்ணில் படாமல் இல்லை. 10 சென்டில் வீடு நிற்கும், பிழைப்பு நிற்காது. தாத்தா கடைசிவரை கூலிக்குத் தென்னை ஏறினார். கூலி குறைவென்றால் ஏற மறுக்கும் துணிவு வந்தது என்பது மட்டுமே மாற்றம். அது சிறிய மாற்றம் இல்லை. ஆனால் பெல்லாக் கேட்டது பிழைப்புக்கான உடைமை. அதை எப்படிப் பகிர்வது என்பதற்கு 1912இல் அவரிடம் வழி இல்லை. 1936இல் எழுதிய இன்னொரு நூலில், பெரிய கடைகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் ஏறுமுகமாக வரி விதிப்பது, தொழிற்சங்கக் குழுக்களை உரிமையோடு அமைப்பது என்று சில வழிகளைச் சொன்னார். எங்கள் சட்டமே தோட்டப் பயிர்களுக்கு உச்சவரம்பில் விலக்கு கொடுத்தது என்பதைப் பார்க்கும்போது, பெரிய உடைமை தன்னைக் காத்துக்கொள்ள எப்போதும் வழி கண்டுபிடிக்கும் என்ற அவருடைய எச்சரிக்கைதான் நூலில் எனக்கு அதிகம் பயன்பட்ட பகுதி.

மறுமொழி 4: திருவிதாங்கோடு

உங்கள் பெரியப்பாவின் கேள்வியை யாரும் இன்னும் தொடவில்லை. எனக்கு அதுதான் இந்த உரையாடலின் உயிர்நாடி.

'யூரோப் அண்ட் தி ஃபெயித்' நூலின் தொடக்கத்தில் பெல்லாக் ஓர் அருமையான வாதத்தை வைக்கிறார். கத்தோலிக்கன் ஐரோப்பாவின் வரலாற்றைப் பார்ப்பது, பிறர் ஒருவரை வெளியிலிருந்து பார்ப்பது போன்றதன்று. ஒருவன் தன்னைத் தானே அறிவது போல உள்ளிருந்து அறிகிறான் என்கிறார். உரோமைப் பேரரசு அழியவில்லை, அது திருச்சபையின் வழியாக மாறி வாழ்ந்தது என்பதே நூலின் உடல். அந்தக் கடைசி வரி அந்த உடலின் மேல் வைத்த கிரீடம். ஐரோப்பா தன் விசுவாசத்தை இழந்தால் தன்னையே இழக்கும் என்று எச்சரிக்கத்தான் அவர் அதை எழுதினார் என்று நான் கொள்கிறேன். நம்மை வெளியே தள்ளுவது அவர் நோக்கமாக இருந்திருக்காது. ஆனால் நம்மைப் பற்றி அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை என்பதும் உண்மை.

அவர் வாதத்தையே எடுத்துக்கொள்வோம். உள்ளிருந்து அறிகிறவனுக்கே வரலாறு தெரியும் என்றால், நம் திருச்சபையை உள்ளிருந்து அறிகிறவர்கள் நாம்தாம். 849ஆம் ஆண்டு கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவக் கோவிலுக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் கொடுத்த செப்பேடுகள் வட்டெழுத்தில் இருக்கின்றன. சாட்சிக் கையொப்பங்கள் அரபியின் கூஃபி எழுத்திலும், பாரசீகத்தின் பகலவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களுக்குப் பள்ளியைக் காக்கும் பொறுப்பும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. இடைக்காலத்துத் தொழிற்குழுக்களை அவ்வளவு காதலோடு எழுதிய பெல்லாக், இந்தச் செப்பேட்டை எப்படி எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். கிறிஸ்தவர்களின் பள்ளிக்கு முஸ்லிமும் யூதரும் சாட்சி நின்ற அந்த ஆண்டில், அவருடைய ஐரோப்பாவின் கடற்கரை மடங்களை வைக்கிங்குகள் எரித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, உங்கள் பெரியப்பாவுக்கு மிகவும் நெருக்கமாக இருந்திருக்கும். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் தெலன்னாய் ஐரோப்பியர், கத்தோலிக்கர். அவர் வாயிலாக விசுவாசத்தை அறிந்த நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார். உதயகிரிக் கோட்டைக்குள் தெலன்னாயின் கல்லறை இருக்கிறது. நேரில் போய்ப் பாருங்கள்: கல்லில் இலத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. 'அப்படியானால் நாம்?' என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை அந்தக் கல்.

ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. பெல்லாக்கின் 'தி ஜூஸ்' (1922) யூதர்களை அவர்கள் வாழும் நாடுகளுக்கு என்றும் அந்நியராகவே வைத்துப் பேசும் நூல். உளவுக் குற்றம் சாட்டப்பட்ட பிரெஞ்சு யூதப் படை அதிகாரி டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று நிறுவப்பட்ட பிறகும் அவர் அதை ஏற்றதில்லை. நாஜிகளைக் கண்டித்தவர் என்று அவருடைய அன்பர்கள் சொல்வது உண்மைதான், என்றாலும் அந்த நூலின் பார்வை தவறு என்பதை அது மாற்றாது. உங்களிடம் உள்ள 'நோனா'விலும் முசோலினியைப் புகழும் பக்கங்கள் வரும். அந்த இடங்களில் உங்கள் பெரியப்பாவைப் போல நீங்களும் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 5: கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்

திருவிதாங்கோடு நண்பர் சொன்னதை ஏற்கிறேன். 'நோனா'வைப் பற்றி ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். 1914 பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள் அன்று, அவர் மனைவி எலோடி இறந்தார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் கறுப்பு உடையே அணிந்தார். அந்தச் சில மாதங்களுக்குள் ஒரு சிறு பாய்மரப் படகில் கடலுக்குப் போனதைத்தான் பதினோரு ஆண்டு கழித்து நூலாக எழுதினார். விடியற்காலை மூடுபனியில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் வரிசையாகக் கிழக்கு நோக்கிப் போவதைப் படகிலிருந்து பார்த்து, போர் வந்துவிட்டது என்று உணரும் ஒரு காட்சி உண்டு. அந்தப் போரில்தான் 1918இல் மூத்த மகன் லூயியை இழந்தார், உடலும் கிடைக்கவில்லை. நூலில் அரசியல் பேசும் பக்கங்கள் கசக்கும்போது, அதை எழுதிய மனிதர் யாரை இழந்த பிறகு எழுதினார் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். கசப்பு குறையாது, ஆனால் கடலைப் பற்றிய பக்கங்கள் இன்னும் ஆழமாகப் படும்.

பாறசாலை வாசகன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியபடியே 'தி பாத் டு ரோம்' நூலை முதலில் எடுத்து, இந்தப் பத்து நாளில் முடித்துவிட்டேன். உந்தர்வெலியே பகுதியை நேற்று இரவு பெரியம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவர், பெரியப்பா இளவயதில் ஏழெட்டு ஆண்டுகள் கோவில் பக்கமே போகாமல் இருந்தார் என்றும், திருமணத்துக்குப் பிறகு ஒரு பெரிய வியாழன் இரவில் தானாகவே எழுந்து போனார் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத செய்தி அது. திரும்பவும் நூலை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கங்களில் சொற்பொருள் எதுவும் எழுதவில்லை. ஓரம் நெடுக மேலிருந்து கீழ்வரை ஒற்றைப் பென்சில் கோடு மட்டும் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை உதயகிரிக் கோட்டைக்குப் போகிறேன். நெய்யாற்றங்கரை அண்ணன் வர முடியுமென்றால் சேர்ந்தே போகலாம். பலாமரத்தையும் ஒருமுறை பார்க்க ஆசை. மார்த்தாண்டம் அக்காவிடம் ஒரு வேண்டுகோள்: 'வுல்சி'யை முடித்ததும் உங்கள் 'கிரான்மர்' நூலை இரண்டு வாரத்துக்குக் கடனாகத் தர முடியுமா? பதிலுக்குப் பெரியப்பாவின் 'சர்வைல் ஸ்டேட்' நூலை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். குறிப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.